24 வயதில் லைசென்ஸ், 29 வயதில் மொனாக்கோ: கிரஹாம் ஹில் உள்ளே வந்த வழி

கேள்வி இது: "கிரஹாம் ஹில் 24 வயதில்தான் கார் லைசென்ஸே எடுத்தார், பிறகு ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார் என்கிறார்களே, உண்மையா? பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தாரா? இன்றைக்கு அப்படி ஒருவர் வர முடியுமா?"

உண்மைதான். 1929 பிப்ரவரி 15 அன்று லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் பிறந்த ஹில், 1953இல் ஓட்டுநர் தேர்வில் தேறினார். 1958 மே மாதம் மொனாக்கோவில் முதல் கிராண்ட் பிரீ, அதாவது ஃபார்முலா ஒன் பந்தயம், ஓட்டினார். 1962 டிசம்பரில் உலக சாம்பியன். பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. மூன்றாவது கேள்விக்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் "24 வயது" என்ற எண்ணில்தான் வாய்பிளக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் சிறுவர்களைப் பந்தயத்துக்குப் பழக்கும் கோ-கார்ட் என்ற வண்டியே கிடையாது. அது 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை வைத்துச் செய்தது. அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற ஓட்டுநர் ஃபாஞ்சியோ தன் முதல் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 40. ஹில்லின் காலத்து ஓட்டுநர்களில், ஜிம் கிளார்க் பந்தயத்தில் இறங்கியது 20 வயதில். ஸ்டிர்லிங் மாஸ் 18 வயதில் தொடங்கினார், அதையே சின்ன வயது என்றார்கள். ஆகவே 24 என்பது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். கையில் காசில்லாமல் வந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாஸின் அப்பா பல் மருத்துவர், தானே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ஓட்டியவர். கிளார்க் வீட்டில் பண்ணை நிலம் இருந்தது. ஹில்லிடம் இருந்தது தொழிற்பயிற்சி பெற்ற இரண்டு கைகள்.

அந்தக் கைகள் எங்கே பழகின என்று பார்த்தால் பிற்பாடு நடந்ததெல்லாம் புரியும். ஹெண்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, ஸ்மித்ஸ் நிறுவனத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். கார்களுக்கும் விமானங்களுக்கும் மீட்டர்கள், கடிகாரங்கள், அளவுகருவிகள் செய்த நிறுவனம் அது. மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டிய வேலை. வேலைக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதில் விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. ஆறிய பிறகும் அந்தக் கால் சற்றே குட்டையாகிப்போனது. அவருடைய நடையில் அந்த விந்தல் கடைசிவரை இருந்தது.

பிறகு கட்டாய ராணுவ சேவை. கடற்படையில் ஸ்விஃப்ட்ஷர் என்ற போர்க்கப்பலின் எஞ்சின் அறையில் இரண்டு வருடம். திரும்பி வந்து மறுபடி ஸ்மித்ஸ்.

இந்த இடத்தில் கார் இல்லை, துடுப்புப் படகுதான் வருகிறது. 1952இல் லண்டன் ரோவிங் கிளப்பில் சேர்ந்தார். எட்டுப் பேர் வலிக்கும் படகில் 'ஸ்ட்ரோக்' என்று ஓர் இடம் உண்டு. படகின் பின்முனைக்கு அருகில் உட்கார்ந்து, மற்ற ஏழு பேரும் எந்த வேகத்தில் துடுப்பு வீசவேண்டும் என்ற தாளத்தை அமைக்கிறவர் அவர். அவர் தளர்ந்தால் படகே தளரும். ஹில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். 1954 வரை 20 இறுதிப் போட்டிகளில் வலித்து, 8இல் வென்றார்கள். 1953இல் புகழ்பெற்ற ஹென்லி போட்டியிலும் கிளப்பின் எட்டுப்பேர் படகை அவர்தான் நடத்தினார். மூச்சு முட்டி, தொடை எரிந்து, இனி முடியாது என்று உடம்பு சொல்லும்போதும் தாளத்தைக் குறைக்காமல் வலிக்கும் அந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த கஷ்டமான வருடங்களைத் தாண்ட உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். வெறும் பேச்சாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கஷ்டமான வருடங்கள் எவ்வளவு கஷ்டமானவை என்று கீழே சொல்கிறேன்.

அவருடைய ஹெல்மெட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்: கருநீலம், சுற்றிலும் வெள்ளைப் பட்டைகள். அந்தப் பட்டைகள் துடுப்பின் அலகுகள். கருநீலம் கிளப்பின் நிறம். கிளப்பிடம் முறைப்படி அனுமதி கேட்டு வாங்கித்தான் போட்டுக்கொண்டார். மனைவி பெட்டும் படகு வலித்தவர்தான், பிரிட்டன் சார்பாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனவர். 1955இல் திருமணம். தன் பணத்தையெல்லாம் பந்தயத்தில் போட்டுவிட்டதால் ஹில்லிடம் அன்று ஒன்றும் மிச்சமில்லை, கல்யாணச் செலவைப் பெட்தான் பார்த்துக்கொண்டார்.

இனி அந்த 1953. ஹில் ஒரு பழைய, ஓட்டை உடைசல் காரை வாங்கி, அதில் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்தார். பந்தய ஓட்டுநர் ஆக ஆசைப்படுகிறவன் இப்படி ஒரு காரைத்தான் வைத்திருக்கவேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசிக்க அது கற்றுத்தரும் என்பார். கொஞ்ச நாளில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் பந்தயக் காரை ஓட்டிப் பார்க்கலாம், ஒரு சுற்றுக்கு 5 ஷில்லிங். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு பவுண்டு கொடுத்து நான்கு சுற்று ஓட்டினார்.

அந்த நான்கு சுற்றில்தான் எல்லாம் மாறியது. அதுவரை மோட்டார் பந்தயத்தின் மேல் அவருக்குத் தனி மோகம் எதுவும் இருந்ததில்லை. ஓட்டி இறங்கியபோது வேறு ஆளாக இருந்தார்.

அவர் ஓட்டியது என்ன கார், எந்த இடம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டன் எப்படி இத்தனை ஓட்டுநர்களை உருவாக்கியது என்ற விடை அதில்தான் இருக்கிறது. போருக்கு முன் பிரிட்டனில் பந்தயம் என்றால் சீமான்களின் பொழுதுபோக்கு. போர் முடிந்ததும் நாடு முழுக்க வேலையில்லாத விமானத் தளங்கள் கிடந்தன. சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்டன் எல்லாமே அப்படிப்பட்ட தளங்கள். ஓடுபாதையும் அதைச் சுற்றிவரும் சாலையும் தயாராக இருந்தன, வைக்கோல் கட்டுகளையும் தகர டிரம்களையும் வரிசையாக வைத்தால் பந்தயப் பாதை தயார். பிராண்ட்ஸ் ஹாட்ச் மட்டும் விமானத் தளம் இல்லை. கென்ட் பகுதியில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதில் புல்தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1950இல்தான் தார் போட்டார்கள்.

பாதை கிடைத்துவிட்டது, காருக்கு என்ன செய்வது? சர்பிட்டனில் சார்ல்ஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற தந்தையும் மகனும் 1946இல் இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பாகங்களை வெட்டி ஒட்டி ஒரு குட்டி வண்டி செய்தார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின், பின் சக்கரங்களுக்குச் செயின். பந்தயக் கார் என்பது ஒரு பொறியாளரோ ஒரு கடைக்காரரோ கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் வாங்கக்கூடிய பொருளாக ஆனது இந்த 500 சிசி வகுப்பால்தான். கூப்பரின் எஞ்சின் பின்னால் இருந்ததற்குக் காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, செயின் போட அதுதான் வசதி. ஆனால் பதினைந்தே வருடங்களில் ஃபார்முலா ஒன் முழுவதையும் அந்த ஏற்பாடு தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அது தனிக் கதை.

இப்படிப்பட்ட ஒரு கூப்பரைச் சொந்தமாக வாங்க ஹில்லால் முடியாது. பந்தயப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் போய், கார்களைப் பழுதுபார்த்துப் பராமரித்துத் தருகிறேன், சம்பளம் வேண்டாம், பதிலுக்குப் பந்தயத்தில் ஓட்ட ஒரு கார் கொடுங்கள் என்று பேசினார். ஸ்மித்ஸ் வேலையையும் விட்டுவிட்டார். 1954 ஏப்ரலில் பிராண்ட்ஸ் ஹாட்சில் முதல் பந்தயம். தகுதிச் சுற்றில் இரண்டாவது, இறுதியில் நான்காவது. ஐந்து வருடம் தொழில் படித்துச் சேர்ந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, 25 வயதில் சம்பளமில்லாத மெக்கானிக். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆகஸ்டில் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஒரு பந்தய நாள். மாலையில் லண்டனுக்குத் திரும்ப ஹில்லிடம் வண்டி இல்லை. லோட்டஸ் என்ற சின்னக் கம்பெனியின் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்: காலின் சாப்மன், மைக் காஸ்டின். ஹில் ஏறிக்கொண்டார். இவர் காஸ்டினின் நண்பர் போலிருக்கிறது என்று சாப்மன் நினைத்தார். இவர் சாப்மனின் நண்பர் போலிருக்கிறது என்று காஸ்டின் நினைத்தார். ஹில் இருவருக்குமே அந்நியர். லண்டன் போய்ச் சேர்வதற்குள் பேசிப் பேசி லோட்டஸில் வேலை வாங்கிவிட்டார். நாளுக்கு ஒரு பவுண்டு. பிராண்ட்ஸ் ஹாட்சில் நான்கு சுற்று ஓட்டக் கொடுத்த அதே தொகை.

லோட்டஸ் என்றதும் பெரிய தொழிற்சாலையை நினைக்காதீர்கள். வட லண்டனில் ஹார்ன்சி என்ற இடத்தில், சாப்மனின் அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டல் என்ற மதுக்கடையின் பின்னால் இருந்த பழைய குதிரைக் கொட்டில்தான் பட்டறை. சாப்மனுக்கே அப்போது பகல் வேலை வேறு, பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் பொறியாளர். மாலையில்தான் இங்கே வருவார். ஹில்லைவிட ஒன்பது மாதம்தான் மூத்தவர். இரவு நெடுநேரம் வரை விளக்கு எரியும். கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஆர்வத்துக்காக வருகிறவர்கள். ஹில்லின் கைக்கு வந்தவற்றில் முக்கியமானது கியர்பாக்ஸ். பிரிப்பது, தேய்ந்ததை மாற்றுவது, மறுபடி கோர்ப்பது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. மெக்கானிக்காக உள்ளே வந்தவனை முதலாளி மெக்கானிக்காகவேதான் பார்ப்பார். எந்தத் தொழிலிலும் இதைப் பார்க்கலாம். நல்ல மெக்கானிக் என்றால் இன்னும் மோசம், அவனைப் பட்டறையிலிருந்து விடவே மனம் வராது. ஹில் கிடைத்த காரையெல்லாம் ஓட்டினார். லோட்டஸ் லெவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் 1956இல் பெயர் வாங்கத் தொடங்கினார். ஆனாலும் கம்பெனி அணியில் நிரந்தர ஓட்டுநராகச் சாப்மன் அவரை எடுக்கத் தயங்கினார். கடைசியில் ஹில் வெளியே போனார். ஆஸ்டின் ஏ35 போன்ற குடும்பக் கார்களை வேகப்படுத்தித் தரும் ஸ்பீட்வெல் என்ற நிறுவனத்தில் பங்குதாரரானார், பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். மற்றவர்களின் கார்களைப் பந்தயத்தில் ஓட்டினார். அவர் வெளியில் நன்றாக ஓட்டுவதைப் பார்த்த பிறகுதான் சாப்மன் திரும்பக் கூப்பிட்டார். இந்த முறை ஓட்டுநராக.

என்னைக் கேட்டால், ஹில்லின் ஆரம்பகாலத்தில் மிகத் துணிச்சலான முடிவு ஸ்மித்ஸை விட்டது அல்ல, லோட்டஸை விட்டதுதான். ஸ்மித்ஸை விட்டபோது எது கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. லோட்டஸை விட்டபோது எதை இழக்கிறோம் என்று நன்றாகவே தெரியும்.

1958 மே 18, மொனாக்கோ. லோட்டஸ் அணிக்கும் அதுவே முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயம், ஹில்லுக்கும் அதுவே முதல். அணியின் இன்னொரு ஓட்டுநர் கிளிஃப் அலிசன். 16 கார்களில் ஹில் 15ஆவதாகக் கிளம்பினார். மொனாக்கோ அப்போது 100 சுற்று. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக எஞ்சின் போய், கியர் போய், சுவரில் மோதி நின்றுகொண்டே வர, ஹில் மெல்ல மெல்ல முன்னேறி நான்காவது இடத்துக்கு வந்துவிட்டார். முதல் பந்தயத்திலேயே புள்ளி என்று அணியினர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பின் அச்சு முறிந்து சக்கரம் கழன்று தனியாக ஓடியது. ஹில் நடந்து திரும்பினார். அலிசன் ஆறாவதாக வந்தார்.

அதன் பிறகு வந்தவைதான் நான் மேலே சொன்ன கஷ்டமான வருடங்கள். 1958, 1959 இரண்டு பருவங்களிலும் சேர்த்து 16 உலக சாம்பியன்ஷிப் பந்தயங்கள் ஓட்டினார். அவற்றில் 12இல் கார் பாதியிலேயே நின்றது. முழுதாக முடித்தது நான்கே நான்கு. அதில் சிறந்தது இத்தாலியின் மான்ஸாவில் ஆறாவது இடம், அன்றைய விதிப்படி ஐந்தாவது வரைதான் புள்ளி. ஆக, இரண்டு வருடத்தில் புள்ளி பூஜ்யம்.

காரணம் ஓட்டுநர் அல்ல, கார். சாப்மனின் வடிவமைப்புக் கொள்கை ஒரே வரியில் அடங்கும்: எடையைக் குறை. ஒரு பாகம் பந்தயம் முடியும்வரை தாங்கினால் போதும், அதற்கு மேல் தாங்கினால் தேவையில்லாத எடை சேர்ந்திருக்கிறது என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே 'போதும்' முடிந்து 'போதாது' தொடங்குகிறது என்பதை ஓட்டுகிறவனின் உயிரை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. லோட்டஸ் 16 என்ற 1958ஆம் ஆண்டுக் கார் பார்க்க அவ்வளவு அழகு, தாழ்வாக, மெலிதாக. எஞ்சினைச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தவர் வெந்துபோவார். அச்சு முறியும், எண்ணெய்க் குழாய் கழலும், கியர்பாக்ஸ் சிக்கிக்கொள்ளும். தன் கையால் கியர்பாக்ஸ் கோர்த்த மனிதன் அதே கியர்பாக்ஸால் பாதையோரத்தில் நிற்கும் காட்சி எனக்கு இன்றும் வலிக்கிறது. எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று அங்கே நின்றிருந்த மற்ற ஓட்டுநர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

1959 முடிவில் ஹில் மறுபடியும் லோட்டஸை விட்டார். பிஆர்எம் அணிக்குப் போனார். நேரம் பார்த்துச் செய்த தவறு போலத்தான் வெளியே தெரிந்தது. அடுத்த வருடமே சாப்மன் எஞ்சினைப் பின்னால் வைத்து லோட்டஸ் 18 செய்தார். ராப் வாக்கரின் தனியார் அணிக்காக மாஸ் அந்தக் காரை மொனாக்கோவில் ஓட்டி, லோட்டஸ் பெயருக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைத் தேடிக் கொடுத்தார். ஹில் இருந்தவரை உடைந்துகொண்டே இருந்த லோட்டஸ், அவர் போனதும் வெல்லத் தொடங்கியது.

அவர் போய்ச் சேர்ந்த பிஆர்எம்மோ பிரிட்டன் முழுவதும் நம்பிக்கை வைத்து ஏமாந்த அணி. லிங்கன்ஷயரின் போர்ன் என்ற சிற்றூரில் இருந்தது. நாட்டின் தொழில் நிறுவனங்கள் பல சேர்ந்து பணமும் பாகங்களும் கொடுத்து ஆரம்பித்தது. 1950இல் சில்வர்ஸ்டோனில் அவர்களுடைய 16 சிலிண்டர் கார் முதன்முதலாகப் பந்தயத்தில் நின்றது. கொடி அசைந்தது, அச்சு முறிந்தது, கார் கிளம்பவே இல்லை. கூட்டம் கேலி செய்து சில்லறைக் காசை வீசியது. அதற்குப் பத்து வருடம் கழித்தும் அந்த அணி வென்றிருந்த உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றே ஒன்று, 1959இல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் யோ பானியே வென்றது.

ஹில்லின் 1960 பிஆர்எம்மில் பின்பக்கத்துக்கு மொத்தமாக ஒரே ஒரு டிஸ்க் பிரேக், அதுவும் கியர்பாக்ஸின் பின்முனையில். இரண்டு பின் சக்கரங்களுக்கும் அந்த ஒரு தட்டுதான். எடை மிச்சம், ஆனால் நீண்ட பந்தயத்தில் சூடேறிவிடும். ஸாண்ட்வோர்ட்டில் ஹில் மூன்றாவதாக வந்து, உலக சாம்பியன்ஷிப்பில் முதல் புள்ளிகளை எடுத்தார். அதே பந்தயத்தில் அவருடைய சக ஓட்டுநர் டான் கர்னியின் பிரேக் செயலிழந்து கார் பாதையை விட்டுப் பாய்ந்ததில், பார்வையாளராக நின்ற ஓர் இளைஞர் இறந்தார். கர்னி அதன் பிறகு வெகுகாலம் அந்தக் காரை நம்பவில்லை.

ஆறு வாரம் கழித்து, 1960 ஜூலை 16, சில்வர்ஸ்டோன். ஹில்லின் ஆரம்பகாலத்தில் ஒரே ஒரு பந்தயத்தைத்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன். முதல் வரிசையில் நின்றார். கொடி விழுந்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது. எல்லாக் கார்களும் போன பிறகு, தள்ளிவிட்டுக் கிளம்பினார், கடைசி ஆளாக. 77 சுற்றுப் பந்தயம். ஒருவர் பின் ஒருவராகப் பிடித்தார். நடப்பு உலக சாம்பியன் ஜாக் பிராபம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். 55ஆம் சுற்றில் ஹில் அவரையும் தாண்டினார். கடைசியில் கிளம்பியவர் முதலில். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. ஆனால் அத்தனை பேரை முந்தியதில் அந்த ஒற்றைப் பின் பிரேக் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. பிராபம் விடாமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். முடிய இன்னும் சில சுற்றுகளே இருக்கும்போது, காப்ஸ் வளைவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த கார்களைக் கடக்க அவசரப்பட்டு ஹில் சுழன்று வெளியே போனார். பிராபம் வென்றார். ஹில் நடந்து திரும்பும்போது மொத்தக் கூட்டமும் கைதட்டியது. புள்ளிப்பட்டியலில் அவருக்கு அன்று கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனால் அன்றுதான் பிரிட்டன் அவரைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டது.

1961ஐ வேகமாகத் தாண்டலாம். விதி மாறி எஞ்சின் 1.5 லிட்டர் ஆனது. பிஆர்எம்மின் சொந்த எஞ்சின் தயாராகாததால் கிளைமேக்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒப்பேற்றினார்கள். வருடம் முழுக்க 3 புள்ளி. ஆனால் பட்டறைக்குள் முக்கியமான மாற்றம் நடந்துகொண்டிருந்தது. டோனி ரட் என்ற, ரோல்ஸ் ராய்ஸில் தொழில் பழகிய பொறியாளரின் கைக்கு வேலை வந்தது. பழைய பெரியவர்களின் குழு முடிவுகள் குறைந்தன. ரட்டுக்குக் கிடைத்தது வெறும் ஓட்டுநர் அல்ல. வண்டி எங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு மெக்கானிக்கின் சொற்களில் சொல்லத் தெரிந்த ஓட்டுநர். ஹில் ஒரு கறுப்புக் குறிப்பேடு வைத்திருந்தார். எந்தப் பாதையில், எந்த வானிலையில், ஸ்பிரிங், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பார், டயர் காற்றழுத்தம் என்ன வைத்தோம், கார் எப்படிப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு சிறு திருகலுக்காகப் பொறியாளர்களை மணிக்கணக்கில் நிற்கவைப்பார், அதில் அவர்களுக்குச் சலிப்பும் உண்டு. ஜிம் கிளார்க் எந்தக் காரில் உட்கார்ந்தாலும் அதற்கேற்ப ஓட்டிவிடுவார், எங்கே குறை என்று சொல்லத் தோன்றாத அளவுக்கு இயல்பு. ஹில் காரைத் தனக்கேற்ப மாற்றுகிறவர். இதை வைத்து, ஹில்லுக்குத் திறமை இல்லை, உழைப்பு மட்டும்தான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சில்வர்ஸ்டோனில் கடைசியிலிருந்து முதலுக்கு வந்தது குறிப்பேடு பார்த்துச் செய்த காரியம் இல்லை.

1962 தொடங்கும்போது அணியின் உரிமையாளர் ஆல்ஃப்ரெட் ஓவன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த வருடம் வெற்றி இல்லையென்றால் அணியை மூடிவிடுவோம். சொந்த வி8 எஞ்சின் ஒருவழியாகத் தயாரானது. ஈஸ்டர் திங்கள், குட்வுட்டில் ஹில் வென்றார். அந்த வெற்றியை யாரும் கொண்டாடவில்லை. பல சுற்று பின்தங்கியிருந்தும் விடாமல் துரத்திவந்த ஸ்டிர்லிங் மாஸ், ஹில்லைத் தாண்ட முயன்றபோது பாதையை விட்டு விலகி மண்மேட்டில் மோதினார். ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய கிராண்ட் பிரீ வாழ்க்கை அங்கேயே முடிந்தது. மே மாதம் சில்வர்ஸ்டோனில், சாம்பியன்ஷிப்பில் சேராத ஒரு பந்தயம். மழை ஈரத்தில் லோட்டஸ் ஓட்டிய கிளார்க்கைத் துரத்தி வந்த ஹில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் கார் பக்கவாட்டில் சறுக்க, அந்தச் சறுக்கலோடேயே கோட்டைத் தாண்டினார். இருவருக்கும் பதிவான நேரம் ஒன்றே. மூக்கு நுனி அளவு ஹில் முன்னால்.

எட்டு நாள் கழித்து, மே 20, ஸாண்ட்வோர்ட். சாப்மன் லோட்டஸ் 25 என்ற புதிய காரை இறக்கினார், குழாய்ச் சட்டம் இல்லாமல், விமான உடல் மாதிரித் தகட்டால் ஆன கார். மற்ற அணிகளெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தன. கிளார்க் முதலில் பறந்தார், பிறகு கிளட்ச் போனது. ஹில்லின் பிஆர்எம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் கிராண்ட் பிரீயிலிருந்து நான்கு வருடம் கழித்து, 33 வயதில், முதல் வெற்றி.

இன்றைக்கு அப்படி ஒருவர் வர முடியுமா என்ற மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இன்று இந்த வழி இல்லை. ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட்டில் ஏறினார், வெர்ஸ்டாப்பன் அதற்கும் முன்பே. ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் என்ற தனி உரிமம் வேண்டும், அதற்குக் கீழ்ப் பந்தயங்களில் 40 புள்ளி சேர்க்கவேண்டும், அந்தப் பந்தயங்களில் ஒரு பருவம் ஓட்டவே பெரும் பணம் வேண்டும். 24 வயதில் முதல்முறை பந்தயக் காரில் உட்காருகிறவர் மெக்கானிக்காகவோ பொறியாளராகவோ உள்ளே வரலாம். அங்கிருந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போகும் கதவு மூடிவிட்டது. இது எனக்கு வருத்தமான விஷயம்தான்.

அந்த 1962 இன்னும் முடியவில்லை. ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், பயிற்சியின்போது இன்னொரு காரிலிருந்து கழன்று விழுந்த சினிமா கேமரா மேல் ஏறி ஹில் காரோடு பள்ளத்தில் போனார். மறுநாளல்ல, அதற்கடுத்த நாள் கொட்டும் மழையில், ஜான் சர்டீஸும் கர்னியும் ஒட்டிக்கொண்டே வர, இரண்டரை வினாடி வித்தியாசத்தில் வென்றார். செப்டம்பரில் மான்ஸாவிலும் வெற்றி. ஆனால் கிளார்க்கும் மூன்று வென்றிருந்தார். பட்டம் யாருக்கு என்பது டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு வந்து நின்றது. கிளார்க் அங்கே வென்றால் புள்ளிகள் சமம், வெற்றிகளின் எண்ணிக்கையில் அவர் சாம்பியன்.

கிளார்க் தொடக்கத்திலிருந்தே எட்டாத தூரத்தில் போனார். ஹில் இரண்டாவது, பிடிக்க வழியே இல்லை. 82 சுற்றுப் பந்தயத்தில் சுமார் 60 சுற்று ஆனபோது லோட்டஸின் பின்னால் நீலப்புகை தெரிந்தது. எஞ்சினில் ஒரு சின்ன போல்ட் கழன்று விழுந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. கிளார்க் உள்ளே வந்தார், சாப்மனின் ஆட்கள் குனிந்து பார்த்தார்கள், அங்கேயே சரிசெய்ய முடியவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நாளுக்கு ஒரு பவுண்டு சம்பளத்தில் அதே சாப்மனிடம் போல்ட் முடுக்கியவர், மீதமிருந்த 20 சுற்றையும் எஞ்சினைக் கொஞ்சமும் வருத்தாமல் ஓட்டி முடித்தார். பிரிட்டிஷ் காரில் உலக சாம்பியன் ஆன முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான்.